நீலச் சாக்கட்டி போட்ட முட்டைகள்

டெய்லரக்காவுக்கு முதல் தொழில் கவலைப்படுவது. தையல் அதற்கப்புறம்தான். வீட்டைப் பூட்டினால் பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பாள். தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வந்து இன்னொரு தடவையும் இழுப்பாள். கால்சட்டைக்கு அளவெடுத்தால் இடுப்பைச் சுற்றி டேப்பைப் போடுவதும் எடுப்பதுமாக இருப்பாள். "போதும்க்கா, நான் இன்னும் வளரல" என்று வந்தவர்களே கெஞ்ச வேண்டும். ஆனால் அவள் தைத்த துணி பிடிக்கிறது, தொங்குகிறது என்று ஒருவரும் திரும்பக் கொண்டு வந்ததில்லை. கவலைக்கு அந்த மட்டில் பலன் இருந்தது.

அப்படிப்பட்டவள் கோழியை அடை வைத்தால் வீடு என்ன பாடு படும் என்பதை அவளுடைய புருஷனைத்தான் கேட்க வேண்டும். அவர் ஒரு தொழிற்சாலை கேட்டில் வாட்ச்மேன். சாயங்காலம் கிளம்பிப் போனால் காலையில் வருவார். வந்து சாப்பிட்டுவிட்டுப் படுத்தால் இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டார். வாழ்க்கையில் எதற்கும் அலட்டிக்கொள்ளாத மனிதர் என்று தெருவில் பெயர் வாங்கியவர். வீட்டில் ஒருத்தி இரண்டு பேருக்கும் சேர்த்துக் கவலைப்படும்போது அவர் எதற்கு அலட்டிக்கொள்ள வேண்டும்?

இந்த முறை அடை வைத்ததற்குக் காரணமே அவர்தான். அவர் வளர்த்த நாய்தான்.

ஒருநாள் காலையில் தூக்கக் கலக்கத்தில் நாயின் சங்கிலியை மாட்டாமல் படுத்துவிட்டார். நாய் இரண்டு தெரு தள்ளிப் போய் அவருடைய தங்கை வீட்டுக் கோழிக்கூட்டுக்குள் புகுந்தது. நான்கு பெட்டை, ஒரு சேவல். எல்லாம் கழுத்தில் இறகே இல்லாத மொட்டைக்கழுத்துக் கோழிகள். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள், ஆனால் அந்தத் தங்கைக்கு அவைதான் வீட்டு மனிதர்கள். சின்னவள் என்று குடும்பத்தில் எல்லோரும் கூப்பிடும் அவள் பேக்கரியில் மாவு பிசைகிறவள். புருஷன் போன பிறகு தனியாக இருக்கிறாள். வேலை முடிந்து வந்து கதவைத் திறந்ததும் அந்த ஐந்தோடுதான் பேச்சு. அந்த மாதிரிக் கோழி அந்தப் பக்கத்தில் வேறு யாரிடமும் கிடையாது.

யாரோ வந்து சொன்னதும் டெய்லரக்கா குண்டூசி குத்தும் பஞ்சுப்பொட்டலம் மணிக்கட்டில் இருந்தபடியே ஓடினாள். முற்றமெல்லாம் இறகு. ஐந்தில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. சின்னவள் கத்தவும் இல்லை, அழவும் இல்லை. படியில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டெய்லரக்கா என்ன செய்வதென்று தெரியாமல் கூட்டைக் கழுவினாள், இறகைப் பெருக்கினாள், சமையலறைக்குள் போனாள். அங்கே அலமாரியில் ஒரு கூடையில் பத்து முட்டை இருந்தது.

"இத நான் பொரிச்சுத் தர்றேம்மா. எங்கிட்ட குடு" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

சின்னவள் நிமிர்ந்து பார்த்தாள். "பொரிக்குமா அண்ணி?"

"பொரிக்கும்."

சொன்ன மறு நிமிடமே டெய்லரக்காவைக் கவலை பிடித்துக்கொண்டது. பத்து முட்டைதான். இது போனால் அந்தக் கோழி வம்சமே போச்சு. அதோடு நாத்தனார் உறவும் போச்சு என்று அவள் அப்போதே முடிவு கட்டிவிட்டாள்.

வீட்டுக்கு வந்து புருஷனை எழுப்பிச் சொன்னாள். "எந்திரிங்க. போய் உங்க தங்கச்சிய ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க."

"நான் போய் என்ன பண்ண? செத்தது உயிரோட வந்துடுமா?" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். அன்று சாயங்காலம் நாயைக் கூட்டிக்கொண்டு போய்த் தொழிற்சாலை கேட்டிலேயே கட்டிப்போட்டார். தன்னால் முடிந்த நியாயத்தைச் செய்துவிட்டதாக அவருக்கு நினைப்பு.

டெய்லரக்காவிடம் அந்தச் சமயத்தில் அடைக்கு வந்த கோழிகள் இரண்டு இருந்தன. ஒன்று பெரியவள். பொன்னிறத்தில் தளதளவென்று, தாட்டியான உடம்பு. சிறகை விரித்தால் பதினைந்து முட்டையை மறைக்கும். பார்த்தாலே அம்மா என்று கூப்பிடத் தோன்றும். இன்னொன்று முசுடு. சாம்பல் நிறம், ஒட்டின உடம்பு, அருகில் போனாலே உடம்பை உப்பிக்கொண்டு உறுமும். நெஞ்சு இறகைத் தானே பிடுங்கிப் போட்டுக்கொண்டு, அடிவயிற்றுத் தோல் சிவக்க மூலையில் பம்மிக் கிடந்தது.

வேறு யாராக இருந்தாலும் பெரியவளைத் தூக்கி வைத்திருப்பார்கள். டெய்லரக்கா வெள்ளோட்டம் பார்க்காமல் எதையும் செய்கிறவள் அல்ல. புதுத் துணியில் கத்தரி வைக்கும் முன் பழைய துணியில் வெட்டிப் பார்ப்பவள். அதே மாதிரி தன் கோழிகள் இட்ட முட்டையில் நான்கை எடுத்து முதலில் பெரியவளுக்கு வைத்தாள். பெரியவள் ராணி மாதிரி உட்கார்ந்தாள். மறுநாளே தோட்டத்தில் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தாள். அழகு ஒரு பக்கம், பொறுப்பு ஒரு பக்கம். அப்புறம் வேறு நான்கு முட்டையை முசுடுக்கு வைத்தாள். தையல் அறைக்குப் பக்கத்துச் சாமான் அறையில், உடைந்த துணிக்கூடையில், வெட்டுத்துணியைப் பரப்பி உட்கார வைத்தாள். முசுடு அசையவில்லை. வேண்டுமென்றே தூக்கி அறையின் மறுகோடியில் விட்டாள். விட்ட வேகத்தில் ஓடிவந்து முட்டை மேல் உட்கார்ந்து, தூக்கிய கையை ஒரு கொத்தும் கொத்தியது. ரத்தம் வந்தது. டெய்லரக்காவுக்கு அன்றைக்குத்தான் கொஞ்சம் மூச்சு வந்தது. மூன்றாம் நாளும் அதே இடத்தில் இருந்ததைப் பார்த்த பிறகு, சரி, இதுதான் நம் கோழி என்று தீர்மானித்தாள்.

இதுவரைக்கும் அவள் செய்ததில் ஒரு குறை சொல்ல முடியாது. இதற்கப்புறம்தான் கவலை அவளைக் கவிழ்த்தது.

வெள்ளோட்டத்துக்கு வைத்த நான்கை எடுத்துவிட்டு, சின்னவளுடைய பத்தை வைக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஆனால் அவளுக்கு யோசனை ஓடியது. நான்கையும் எடுத்து அடியைக் காலி செய்தால் கோழி மிரண்டு எழுந்துவிட்டால்? ஆகையால் முதலில் பத்தை உள்ளே தள்ளுவது, கோழி பழகிய பின் காலையில் பழைய நான்கை உருவிவிடுவது என்று திட்டம் போட்டாள். எது பழையது என்று தெரிய வேண்டுமே? முன்னெச்சரிக்கையாக அந்த நான்கு முட்டையிலும், துணியில் கோடு போடும் நீலச் சாக்கட்டியால் பெருக்கல் குறி போட்டாள். பெரிய புத்திசாலித்தனம் செய்துவிட்ட திருப்தியோடு படுத்தாள்.

அந்தச் சாக்கட்டியின் பெருமையே ஒரு தட்டு தட்டினால் போய்விடும் என்பதுதான். இத்தனை வருஷமாக வருகிறவர்களிடமெல்லாம் "பயப்படாதீங்க, கோடு நிக்காது" என்று அவளே சொல்லியிருக்கிறாள். கோழி வயிற்றுக்கடியில் விடிய விடிய உருண்டால் நிற்குமா?

காலையில் கோழி இரை தின்ன எழுந்ததும் போய்ப் பார்த்தாள். பதினான்கு முட்டை. ஒன்றில்கூட நீலம் இல்லை. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. முசுடு எந்த நிமிடமும் திரும்பி வரும். நம் முட்டை கொஞ்சம் சிறுசு, நிறம் கொஞ்சம் வெளுப்பு என்று கண்ணை மட்டும் நம்பி நான்கைப் பொறுக்கினாள். சரியாகத்தான் எடுத்தோம் என்று மூன்று தடவை தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

புருஷன் வேலை முடிந்து வந்தார். அந்த நான்கில் இரண்டை உடைத்து, வெங்காயம் போட்டுப் பொரித்து, ரொட்டியோடு வைத்தாள். சாப்பிட்டு ஏப்பமும் விட்டார். மூன்றாவதைத் தனக்காகக் கிண்ணத்தில் உடைத்தாள். மஞ்சள் கருவின் மேல் சிவப்பாக, மெல்லிய நூல் மாதிரி ரத்தநாளம் ஓடியிருந்தது. நான்காவதை உடைத்தாள். அதிலும் அப்படியே.

மூன்று நாள் அடையிலிருந்த முட்டை என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும். அப்படியானால் முதல் இரண்டு? அவை பளிச்சென்று, மஞ்சள் கரு உருண்டு திரண்டு, அன்றைக்கு இட்டது மாதிரி இருந்தனவே. டெய்லரக்கா அடுப்பங்கரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"ஏங்க, நீங்க தின்னது உங்க தங்கச்சி முட்டைங்க."

அவர் தட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "நல்லாத்தான் இருந்துச்சு" என்றார்.

"விளையாடாதீங்க. ரெண்டு போச்சு. அதோட நம்ம முட்டை ரெண்டு உள்ள இருக்கு."

"இருந்துட்டுப் போகுது. யாருக்குத் தெரியப்போகுது? நீயா போய் உளறாம இருந்தா சரி" என்று கையைக் கழுவிக்கொண்டு படுக்கப் போய்விட்டார்.

உள்ளே இருக்கும் அந்த இரண்டுதான் டெய்லரக்காவின் தூக்கத்தைத் தின்றன. அவை மூன்று நாள் முந்தியவை. முன்னாலேயே பொரிக்கும். பொரித்த குஞ்சு கீச்சுக்கீச்சென்று நடக்க ஆரம்பித்தால் தாய்க்கோழி மீதி முட்டையை அம்போவென்று விட்டுவிட்டு, குஞ்சுகளோடு எழுந்து போய்விடும். முன்பு ஒரு தடவை அப்படி நடந்திருக்கிறது. ஆறிப்போன முட்டையை அவள் உடைத்துப் பார்த்தபோது, உள்ளே அலகும் நகமுமாக முழுக் குஞ்சு சுருண்டு கிடந்தது. அதை அவள் இன்றுவரை மறக்கவில்லை. இப்போது அதே கதி சின்னவளுடைய எட்டுக்கும் வந்தால்?

புருஷனுடைய டார்ச்சை எடுத்து, கதவைச் சாத்திக்கொண்டு, கரு முற்றியது எது என்று கண்டுபிடிக்க ஒவ்வொரு முட்டையாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஓடு தடிமன், நிறமும் பழுப்பு. உள்ளே கறுப்பாக இருக்கிற மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. நான்காவது முட்டையைக் கையில் எடுத்ததும், கீழே போட்டுவிடுவோமோ என்ற பயத்தில் எல்லாவற்றையும் திரும்ப வைத்துவிட்டாள்.

அதற்கப்புறம் நாட்கள் எப்படி நகர்ந்தன என்பது அவளுக்குத்தான் தெரியும். தையல் மிஷினை ஓட்டினால் தரை அதிர்கிறது, அதிர்ந்தால் முட்டைக்குள் கரு கலங்கிக் கூழ்முட்டை ஆகிவிடும் என்று மிஷினையே மூடி வைத்தாள். பள்ளிக்கூடச் சீருடைகள் மலையாகக் குவிந்தன. கையால் தைத்தாள். "இது என்னக்கா புதுசா, மிஷின் ரிப்பேரா?" என்று கேட்டவர்களுக்கு "ஆமா, ரிப்பேரு" என்றாள். பொய் சொல்லிப் பழக்கமில்லாத முகம், காதுவரை சிவந்தது. முசுடு இரை தின்ன எழுந்தால் இவளும் கூடவே எழுந்து, திரும்ப உட்காரும்வரை பின்னாலேயே சுற்றினாள். "கொஞ்சம் வேகமாத் தின்னேன்டி" என்று கோழியிடம் கெஞ்சினாள். கோழி திரும்பி ஒரு முறை முறைத்துவிட்டு, இன்னும் மெதுவாகத் தின்றது.

எல்லாவற்றையும்விடக் கொடுமை சாயங்காலம்தான். பேக்கரி வேலை முடிந்து போகிற வழியில் சின்னவள் கேட் அருகே நிற்பாள். உள்ளே வர மாட்டாள். நாய் விவகாரத்துக்கப்புறம் அவள் அந்த வீட்டுப் படி ஏறவே இல்லை. கையில் மாவு காய்ந்து வெள்ளையாக ஒட்டியிருக்கும்.

"கோழி உக்காந்திருக்கா அண்ணி?"

"உக்காந்திருக்கும்மா."

சொல்லிவிடு, சொல்லிவிடு என்று மனசு அடித்துக்கொள்ளும். சொல்லாமல் கேட்டின் தாழ்ப்பாளை இழுத்து இழுத்துப் பார்ப்பாள். சின்னவள் கொஞ்ச நேரம் வீட்டையே பார்த்துக்கொண்டு நிற்பாள், போய்விடுவாள். அந்த நேரத்தில் வாட்ச்மேன் டியூட்டிக்குக் கிளம்பத் தயாராகிக்கொண்டிருப்பார். ஆச்சரியம் பாருங்கள், தங்கை குரல் கேட்டதும் அவருக்குக் குளியலறையில் வேலை வந்துவிடும். தண்ணீர் ஊற்றும் சத்தம்கூடக் கேட்காது. அவள் போன பிறகு, உடம்பு நனையாமல் குளித்துவிட்டு வெளியே வருவார்.

பயந்தது ஒரு நாள் காலையில் வந்தே விட்டது. சாமான் அறைக்குள் கால் வைத்ததும் கீச்சென்று ஒரு சத்தம். முசுடின் சிறகுக்கடியிலிருந்து மஞ்சளாக ஒரு தலை எட்டிப் பார்த்தது. கழுத்து நிறைய பஞ்சுமுடி. அவளுடைய குஞ்சு. கையை உள்ளே விட்டாள். முசுடு கொத்தியது. பொறுத்துக்கொண்டு தடவினாள். இன்னொன்றும் ஈரத்தோடு துடித்துக்கொண்டிருந்தது. மற்ற எட்டும் அப்படியே, ஒரு கீறல்கூட இல்லாமல் இருந்தன. கோழி இப்போதே குரலை மாற்றிக் கொக்கொக்கென்று குஞ்சைக் கூப்பிட ஆரம்பித்திருந்தது.

இரண்டையும் எடுத்துவிட வேண்டும். எடுத்தால் மட்டும் போதாது, சத்தம் கோழி காதில் விழாத இடத்தில் சூடாக வைத்துக் காப்பாற்ற வேண்டும். இந்த வீட்டில் எந்த மூலையில் வைத்தாலும் கேட்கும். பக்கத்து வீட்டில் பூனை. எதிர்வீட்டில் எப்போதும் ஆள் இருக்காது. கோழி வளர்க்கத் தெரிந்த, கூப்பிடு தூரத்துக்கு அப்பால் இருக்கிற, இன்றைக்கு வேலைக்குப் போகாமல் வீட்டில் இருக்கிற ஆள் ஒருத்திதான்.

டெய்லரக்கா நூல்கண்டுப் பெட்டியைக் கவிழ்த்துக் காலி செய்தாள். கம்பளித் துண்டை விரித்தாள். குஞ்சுகளை வைத்து, பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தாள். அன்று வீட்டைப் பூட்டக்கூட இல்லை. எப்படிச் சொல்வது என்று இரண்டு தெருவும் ஒத்திகை பார்த்தாள். சின்னவள் கதவைத் திறந்ததும் ஒத்திகை பார்த்ததெல்லாம் பறந்துவிட்டது.

சின்னவள் பெட்டிக்குள் பார்த்தாள். முகம் ஒரு கணம் மலர்ந்தது. குஞ்சை எடுத்துக் கழுத்தைத் தடவியதும் விரல் நின்றது.

"இது என் கோழிக் குஞ்சு இல்லையே அண்ணி."

"இல்லம்மா. இது எங்க முட்டை. உன்னோடது ரெண்டு… நான் மாத்தி எடுத்துட்டேன். பொரிச்சு உங்க அண்ணனுக்குப் போட்டுட்டேன்." அப்புறம் நிறுத்த முடியவில்லை. வெள்ளோட்டம், சாக்கட்டி, டார்ச், மிஷின் என்று எல்லாவற்றையும் கொட்டினாள். "இதுங்க அங்க இருந்தா கோழி எந்திரிச்சிடும். உன் எட்டும் போயிடும். நீ என்னை என்ன வேணா திட்டு, இதுங்கள மட்டும் ரெண்டு மூணு நாள் வச்சுக்கோ."

சின்னவள் ஒரு அட்டைப்பெட்டியை எடுத்து, விளக்கைத் தாழ இறக்கிப் போட்டு, குஞ்சுகளை அதற்குள் விட்டாள். சூடு சரியாக இருக்கிறதா என்று உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். மாவு உப்பியதா என்று பார்க்கும் அதே நிதானம். அப்புறம்தான் திரும்பினாள். கண் நிறைந்திருந்தது.

"ரெண்டு முட்டை போனா போகுது அண்ணி. அன்னிக்கு ஓடி வந்தது நீங்க. கூட்டைக் கழுவுனது நீங்க. முட்டைய வாங்கிட்டுப் போனது நீங்க. இன்னிக்கும் நீங்கதான் வந்து நிக்கிறீங்க. எங்கண்ணனுக்குக் கால் இல்லையா?"

டெய்லரக்காவுக்குச் சுரீரென்றது. சாயங்காலமெல்லாம் கேட் அருகே நின்றது கோழியைக் கேட்கவா? அண்ணன் கிளம்பும் நேரம் பார்த்து வந்து நின்றிருக்கிறாள். ஒருதடவை வெளியே வருவான், ஒரு வார்த்தை சொல்வான் என்று நின்றிருக்கிறாள். இவளோ அவருக்காகப் பதில் சொல்லிச் சொல்லியே கதவை மறைத்துக்கொண்டு நின்றிருக்கிறாள். இத்தனை வருஷமும் அவருடைய கடனுக்கு, கோபத்துக்கு, மறதிக்கு எல்லாம் இவள்தான் ஓடினாள். அதை நல்ல குணம் என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தாள்.

"வீட்டுக்குப் போங்க அண்ணி. கோழி எந்திரிச்சிடும்" என்றாள் சின்னவள்.

கோழி எழுந்திருக்கவில்லை. கொஞ்ச நேரம் கொக்கொக்கென்று தேடியது. அப்புறம் முட்டைகளை அலகால் உள்ளே இழுத்துப் போட்டுக்கொண்டு, பழையபடி உறுமியது. அடுத்த மூன்று நாளும் டெய்லரக்கா அந்த அறை வாசலிலேயே உட்கார்ந்து சீருடைகளுக்குப் பட்டன் துளைக் காஜா எடுத்தாள். புருஷனிடம் எதையும் சொல்லவில்லை. சொன்னால் அவர் ஒரு சப்பைக்கட்டு கட்டுவார், இவளும் சரியென்று தலையாட்டிவிடுவாள். தன்மேல் அவளுக்கு அவ்வளவுதான் நம்பிக்கை.

ஒரு மத்தியானம் முட்டை ஒன்றில் கீறல் விழுந்தது. கீறல் ஓட்டையானது. நீண்ட நேரம் ஒன்றும் நடக்கவில்லை. செத்துவிட்டதோ என்று அவள் குனிந்து காதை வைத்தபோது ஓடு விலகியது. ஈரமாக, கண்ணை மூடிக்கொண்டு, கோணல்மாணலாக ஒரு ஜீவன் வெளியே விழுந்தது. கழுத்து வெறும் சிவப்புத் தோல். இவ்வளவு அவலட்சணமான ஒன்றைப் பார்த்து அவள் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

நேராகப் போய்ப் புருஷனை உலுக்கி எழுப்பினாள். "மொட்டைக்கழுத்து பொரிச்சிருச்சு."

"நான்தான் சொன்னேனே" என்று அவர் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். முகத்தில் ஒரு தெம்பு. "போய் அவகிட்டச் சொல்லு."

"நீங்க போங்க."

"நானா?" அவர் தலையைச் சொறிந்தார். சுற்றும் முற்றும் பார்த்தார். "சரி, அந்தக் குஞ்ச எடுத்துக் குடு. கொண்டுபோய்க் குடுத்துட்டு வந்துடறேன்."

"குஞ்சு கோழிகிட்டயே இருக்கட்டும். நீங்க வெறுங்கையோட போங்க."

அவர் அவளைப் பார்த்தார். இந்தக் குரலை அவர் கேட்டதில்லை. "வெறுங்கையோட போய் என்னத்தச் சொல்றது?"

அவருக்கு வேண்டிய வாக்கியம் அவள் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. தப்பு என்னோடது, மன்னிச்சுக்கோம்மா என்று சொல்லுங்கள். வாயைத் திறந்தவள் அதை மென்று முழுங்கினாள்.

"எனக்குத் தெரியாதுங்க" என்றாள்.

அவர் சட்டையை மாட்டினார். பட்டனைத் தப்பாகப் போட்டு, அவிழ்த்து, திரும்பவும் தப்பாகப் போட்டார். அவளுக்குக் கை துறுதுறுத்தது. போட்டுவிடவில்லை. செருப்பைத் தேடினார், கண்ணெதிரிலேயே இருந்தது. ஒருவழியாகக் கிளம்பினார். பின்னாலேயே ஓடி, சின்னவள் கோபப்பட்டால் பேசாமல் நில்லுங்கள் என்று சொல்லவேண்டும் போல் இருந்தது. கேட் வரைக்கும் போனாள். அங்கேயே நின்று, திரும்பி வந்து, கோழியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டாவது முட்டையிலும் கீறல் விழுந்திருந்தது. அவளால் அதைப் பார்க்க முடியவில்லை. அங்கே என்ன பேசுகிறார்கள், கதவைத் திறந்தாளா, முகத்தில் அடித்தாற்போல் சாத்திவிட்டாளா என்றே மனசு ஓடியது. 

டியூட்டி நேரம் நெருங்கும்போதுதான் வந்தார். நேராகத் தையல் அறைக்குள் போய் அவளுடைய ஸ்டூலில் உட்கார்ந்தார். அவள் வாசலில் வந்து நின்றாள்.

"நான் ஒண்ணுமே சொல்லலடி" என்றார். "போய் நின்னேன். வாய் வரல. அவதான் கேட்டா, சாப்பிட்டியாண்ணேன்னு."

அதற்குமேல் அவரால் முடியவில்லை. எதற்கும் அலட்டிக்கொள்ளாத அந்த மனிதர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு விம்மி விம்மி அழுதார். இத்தனை நாளும் குளியலறைக்குள் நின்று அவர் பயந்துகொண்டிருந்திருக்கிறார், தன்னைவிட அதிகமாகவே பயந்திருக்கிறார் என்பது டெய்லரக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. ஏதாவது சொல்லித் தேற்ற வாயெடுத்தாள். வேண்டாம், அழட்டும் என்று பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

அழுது ஓய்ந்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னார்:

"நாளைக்கு வீட்டுக்கு வர்றாளாம்."